சீர் பீரோவா, சுவரோடு அடித்த வார்ட்ரோபா, பெட்டிக் கட்டிலா? மும்பை வாடகை வீட்டுக்கு எது ஒத்துவரும்

பாளையங்கோட்டையிலிருந்து என் சித்தி மகள் போன மாதம் போன் செய்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மும்பையில் வேலை, முலுண்டில் ஒரு பெட்ரூம், ஹால், கிச்சன் என்று ஒரு வீட்டை வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறார். "அக்கா, அப்பா சீருக்கு பீரோ எடுத்துத் தாரேங்கிறாங்க. ஊர்லயே எடுத்து லாரியில போட்டுவிடட்டுமா, இல்ல அந்தப் பணத்த வாங்கிட்டு அங்க வந்து வார்ட்ரோப் அடிச்சுக்கிடட்டுமா? அவங்க என்ன சொல்றாங்கன்னா, கட்டிலயே பெட்டி வச்சதா வாங்கிட்டா வேற எதுவும் வேண்டாமாம்."

சித்தப்பா இதற்காக ஒதுக்கியிருப்பது 40,000 ரூபாய். அவருக்கு அது பெரிய பணம். போனில் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. நான் தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு சயான், கோவண்டி, இப்போது செம்பூர் என்று நான்கு வாடகை வீடு மாறியாகிவிட்டது. இப்போதைய வீடு 400 சதுர அடி. மாமியாரையும் பத்தாவது படிக்கும் மகளையும் சேர்த்து நான்கு பேர். ஹாலில் ஒரு மூலைதான் என் ஆபீஸ். சின்னக் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். சாமான் வைக்க என்னென்ன வழி உண்டோ அநேகமாக எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். அவளுக்கு எழுதி அனுப்பியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். மும்பைக்குப் புதிதாகக் குடிவரும் எல்லோருக்கும் இதே குழப்பம் வரும்.

ஊரில் பீரோ வாங்கும்போது நாம் பார்ப்பது கண்ணாடி, லாக்கர், கலர். இங்கே அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இரண்டு: மழை தாங்குமா? டெம்போவில் ஏறுமா?

மழை என்றால் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழை இல்லை. ஜூன் இரண்டாவது வாரம் பிடித்தால் செப்டம்பர் முடியும்வரை விடாது. சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் இந்த நான்கு மாதத்தில் மட்டும் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பாளையங்கோட்டையில் வருடம் முழுக்கப் பெய்வது ஆயிரத்தைத் தொடாது. ஜூலையில் இங்கே துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் போகாது. அந்த ஈரம் மூடிய பெட்டிக்குள்ளும் போகும். தோல் செருப்பு, பெல்ட், பட்டு, கல்யாண ஆல்பம், படிப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை படரும். முதல் வருடம் யாரும் நம்புவதில்லை.

டெம்போ என்றால் வீடு மாற்றுவது. மும்பையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற முறையில் 11 மாதத்துக்குத்தான் போடுகிறார்கள். சிலர் இரண்டு, மூன்று வருடம் நீட்டிப்பார்கள். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், வீட்டை விற்கிறோம், கட்டடமே மறுகட்டுமானத்துக்குப் போகிறது என்று ஏதாவது ஒன்று வரும். அன்றைக்கு சாமானெல்லாம் மாடிப்படியில் இறங்கி, டெம்போவில் ஏறி, வேறொரு மாடிப்படியில் ஏற வேண்டும். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருந்தாலும் நாலு பேர் நிற்கும் அளவுதான், பீரோ நுழையாது.

பீரோ

முதலில் பீரோவைப் பற்றி, அதுவும் விரிவாகவே சொல்கிறேன். பழைய காலத்துச் சாமான் என்று இளசுகள் அதைத் தள்ளிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரும்புத் தகடு ஈரத்தை உறிஞ்சாது. கரையான் அரிக்காது, எலி கடிக்காது. நல்ல பூட்டு இருக்கிறது. எத்தனை முறை இடம் மாற்றினாலும் மூட்டு கழலாது. கடைசியில் பழைய இரும்பு வாங்கும் பங்கார்காரருக்குப் போட்டாலும் எடைக்குக் காசு வரும். இந்தச் சாமானுக்கு மும்பைதான் தாய்வீடு என்றும் சொல்லலாம். 1897இல் இங்கே பூட்டுத் தொழிலோடு தொடங்கிய கோத்ரெஜ், 1923இல் ஸ்டீல் பீரோ செய்ய ஆரம்பித்தது. அதனால்தான் யார் செய்த பீரோவாக இருந்தாலும் நம் அம்மாக்கள் 'கோத்ரெஜ்' என்றே சொன்னார்கள்.

குறையும் உண்டு. முழு அளவு பீரோ ஏறக்குறைய ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம், ஆழம் ஒன்றரை அடிக்குச் சற்று மேல். அதாவது தரையில் ஐந்து சதுர அடியை அடைத்துக்கொள்ளும். அந்த ஆழத்துக்கு ஆண்கள் கோட்டு மாட்டிய பெரிய ஹேங்கர் கதவை இடிக்கும், சட்டை ஹேங்கர் சிரமமில்லாமல் நிற்கும். இரும்பு தண்ணீர் குடிக்காது என்றாலும் பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். கடற்கரை ஊரில் அந்தத் துரு வேகமாக ஓடும்.

இதனால்தான் ஊரிலிருந்து லாரியில் போடாதே என்று அவளிடம் சொன்னேன். 1,500 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கி வரும் பீரோவில் எங்காவது ஒரு கீறல் விழாமல் இருக்காது. அந்தக் கீறல் முதல் மழையிலேயே பழுப்பாகிவிடும். வாடகை லாரிக்குக் கொடுக்கும் பணத்தை இங்கே நல்ல தகட்டுக்குக் கொடுக்கலாம். தகட்டின் கனத்தை கேஜ் என்று சொல்வார்கள். எண் கூடக்கூட கனம் குறையும் என்பதை மறக்கக் கூடாது. 20 கேஜ் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.7, 24 கேஜ் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பட்டறையில் "ஹெவி மால்" என்று சொல்லி 24 கேஜைத் தலையில் கட்டுவார்கள். கதவின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்ளே போய் டப்பென்று வெளியே வந்தால் விட்டுவிடுங்கள். கதவு, உடம்பு இரண்டும் 22 கேஜுக்குக் குறையாமல், பவுடர் கோட்டிங் செய்ததாக இருக்கட்டும். அடியில் நாலு அங்குலமாவது கால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாக ஸ்டாண்டு வாங்குங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். மும்பை மழை தென்மேற்குக் காற்றோடு சாய்வாக அடிக்கும். மேற்கு, தெற்கு வெளிச்சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். பீரோவை உள்சுவரில் நிறுத்தி, பின்னால் இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். கோவண்டி வீட்டில் நான் இதைத் தெரியாமல் மேற்குச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். மூன்று வருடத்தில் பின்தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

சுவரோடு அடித்த வார்ட்ரோப்

சொந்த வீடு என்றால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். சுவருக்குச் சுவர், தரையிலிருந்து கூரைவரை ஓர் அங்குலம் வீணாகாது. பீரோவுக்கு மேலே தூசி சேரும் இரண்டரை அடியும் இதில் பரணாகிவிடும். இரண்டு அடி ஆழம் கிடைக்கும், எல்லா ஹேங்கரும் நிற்கும். தள்ளுகதவு போட்டால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே கதவு திறக்க இடம் விட வேண்டியதில்லை. சின்ன பெட்ரூமில் அதுவே பெரிய லாபம்.

ஆனால் ப்ளைவுட் விஷயத்தில் ஏமாற இடம் உண்டு. எட்டுக்கு நாலு ஷீட்டின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். எம்.ஆர். என்றால் காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. அதில் அடுக்குகளை ஒட்டியிருப்பது யூரியா பிசின். மரைன் ப்ளை என்று சொல்வது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது. அதில் ஃபீனால் பிசின் சேர்கிறது. 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டும் அடுக்கு பிரியக்கூடாது என்பது அதன் சோதனை. வீடு முழுக்க மரைன் போடத் தேவையில்லை. ஆனால் தரையைத் தொடும் கீழ்ப்பலகை, வெளிச்சுவரை ஒட்டிய பின்பலகை, சிங்குக்கு அடியில், இந்த மூன்று இடத்திலும் எம்.ஆர். போட தச்சு மிஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்பலகைக்கு 6 மில்லிமீட்டர் ஷீட்டை ஓதம் காத்த சுவரில் நேராக அடித்துவிடுவார்கள். ஒரே மழையில் துணியில் மண்வாசம் வரும்.

வாடகை வீட்டில் இதை அடிப்பது என் பார்வையில் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் சீர். கழற்றினால் பலகையாகத்தான் வரும், அடுத்த வீட்டுச் சுவருக்கு அளவு பொருந்தாது. சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும், டெபாசிட்டில் பிடித்தமும் வரும். பத்து வருடம் அசைய மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் யோசிக்கலாம். முலுண்டில் அந்த உறுதி இல்லை. எனவே இது அவளுக்கு வேண்டாம்.

இதன் தம்பி ஒன்று இருக்கிறது, கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ரெடிமேட் வார்ட்ரோப். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், விலை பாதிதான் வரும். பெரும்பாலும் உள்ளே இருப்பது பார்டிகிள் போர்டு, மரத்தூளைப் பிசினில் அழுத்திய பலகை. நான் கழற்றி மாட்டிய அனுபவத்தில் அதன் குறை இரண்டு. ஓரத்து டேப் பிரிந்த இடத்தில் தண்ணீர் பட்டால் பிஸ்கட் போல உப்பும், பிறகு பழைய அளவுக்கு வராது. ஒரு முறை இறுக்கிய ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி இறுக்கினால் பிடிப்பு இருக்காது. சயானிலிருந்து கோவண்டி போனபோது அப்படி ஒன்றைக் கழற்றினோம், அங்கே போய் நேராக நிற்கவே இல்லை. நவி மும்பை துர்பேயில் 2020 டிசம்பரில் ஐகியா திறந்த பிறகு பலர் அங்கே போகிறார்கள். எந்தக் கடையானாலும் சீட்டில் எழுதியிருக்கும் மூலப்பொருளைப் படித்துவிட்டு வாங்குங்கள். இரும்புச் சட்டம், கெட்டி மரம் என்று இருந்தால் இடமாற்றத்துக்குத் தாங்கும்.

பெட்டிக் கட்டில்

மாப்பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டே பார்த்தேன். ஆறேகால் அடிக்கு ஐந்து அடி கட்டிலில் உள்ளே ஒரு அடி ஆழம் கிடைத்தால் 31 கன அடி. முழு அளவு பீரோவும் ஆறரை, மூன்று, ஒன்று புள்ளி ஆறு என்று பெருக்கினால் அதே 31தான். பீரோ தனியாக ஐந்து சதுர அடி தரையைக் கேட்கிறது, கட்டில் எப்படியும் போடத்தான் போகிறோம். சதுர அடி 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பீரோ நிற்கும் இடத்தின் மதிப்பு மட்டும் ஒன்றே கால் லட்சம். இந்த ஊரில் பெட்டிக் கட்டில் இவ்வளவு விற்பது இதனால்தான்.

ஆனால் கன அடி ஒன்றாக இருப்பதால் பயனும் ஒன்றாகிவிடாது. பீரோவில் ஐந்து தட்டு இருக்கிறது, கதவைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கட்டில் பெட்டி ஒரே குழி. மெத்தையைத் தூக்க வேண்டும், மேலே இருப்பதை எடுத்தால்தான் கீழே இருப்பது தெரியும். கேஸ் கம்பி வைத்த ஹைட்ராலிக் கட்டில் என்றால் தூக்குவது லேசு. ஆனால் அந்தக் கம்பி சில வருடத்தில் தளர்ந்துவிடும், பிறகு ஒரு கையால் பலகையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் துழாவ வேண்டும். என் மாமியாருக்கு முழங்கால் வலி. அவருடைய புடவையை அதில் வைத்திருந்த இரண்டு வருடமும் அவர் ஒவ்வொரு விசேஷத்துக்கும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆகவே வருடத்துக்கு இரண்டு மூன்று முறை எடுக்கும் சாமானுக்கு மட்டும் அது சரி: சூட்கேஸ், ரஜாய் எனும் பஞ்சுப் போர்வை, விருந்தாளி மெத்தை, தலையணை, பெரிய பாத்திரம்.

மழை விஷயத்தில் மூன்றிலும் கட்டில்தான் பலவீனம். தரையிலிருந்து ஒரு அங்குலத்தில் பலகை, காற்றோட்டம் இல்லை, கீழே கூட்ட முடியாது. தரைத்தளத்து வீடு என்றால் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, மித்தி ஆறு நிரம்பி தாராவிக்குள் வந்தது. எங்கள் கோலியில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்தது ஒன்றுகூட மிஞ்சவில்லை. அம்மா ரேஷன் கார்டையும் எங்கள் மார்க் ஷீட்டையும் தகரப் பெட்டியில் போட்டு மாளாவில் வைத்திருந்தார். மாளா என்றால் மராட்டியில் பரண். அது மட்டும்தான் காய்ந்தபடி கிடைத்தது. அந்தப் பெட்டி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

நான் கண்டுபிடித்த நடுவழி ஒன்று உண்டு. பெட்டி இல்லாத, உயரமான இரும்புக் கட்டில். தரைக்கும் கட்டிலுக்கும் 14 அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். அதன் அடியில் சக்கரம் வைத்த, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் நாலு. இழுத்தால் வருகிறது, மெத்தையைத் தூக்க வேண்டாம், தரையைத் துடைக்கலாம், காற்று ஓடும். வீடு மாறும்போது பெட்டியை அப்படியே டெம்போவில் ஏற்றலாம். கொள்ளளவு பெட்டிக் கட்டிலைவிடக் கால் பங்கு குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சின்னச் சாமான்கள், பெரிய ஏமாற்றங்கள்

துணிக்கூடு போல பைப்பில் மாட்டும் மடக்கு வார்ட்ரோப் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். தனியாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் வாங்குவது அதுதான். நானும் வாங்கினேன். ஆகஸ்டில் துணி நிரப்பிய தட்டு நடுவில் தொய்ந்து பைப் இணைப்பு பிளந்தது. கூட்டின் உட்பக்கம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. விற்றவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் ஹாஸ்டலில் இருப்பவருக்குப் போதும், குடும்பத்துக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக் டிராயர் அடுக்கு இதற்கு எவ்வளவோ மேல். நாலைந்து அறை, அடியில் சக்கரம், ஈரம் பட்டால் ஒன்றும் ஆகாது. குழந்தைத் துணி, உள்ளாடை, சாக்ஸ், மருந்து, தையல் சாமான் எல்லாம் வைக்கலாம். புத்தகமும் காகிதமும் மட்டும் வைக்கக் கூடாது. டிராயரின் அடி வில்லாக வளைந்து தடத்திலிருந்து இறங்கிவிடும். அந்துருண்டை போடும்போதும் கவனம் வேண்டும். நாப்தலீன் சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டவைத்துவிடும். அதைவிட முக்கியம், கைக்குழந்தையின் துணியோடு அதை எங்குமே வைக்காதீர்கள். ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த ஆவி பட்டால் இரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரும் ஆபத்து இருக்கிறது.

வாக்யூம் பை. காற்றை உறிஞ்சினால் ரஜாய் அப்பளம் போல ஆகிவிடும், பாதிக்கு மேல் இடம் மிச்சம். டெல்லிக் குளிருக்கு வாங்கிய கம்பளி, கூடுதல் தலையணை இவற்றுக்கு மிக நல்லது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, வெப்பம் ஆறிய பிறகு போட வேண்டும், அதுவும் ஏப்ரல், மே மாதத்தில். ஜூலையில் போட்டால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறோம். பட்டுப்புடவையை இதில் போடவே கூடாது. மடிப்பு இறுகி அந்தக் கோட்டில் பட்டு விண்டுபோகும். ஜரிகையில் வெள்ளி இருந்தால் ஈரக்காற்றில் கறுக்கும். கல்யாணப் பட்டைப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, பீரோவின் நடுத்தட்டில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைப்பதுதான் நம் பாட்டிகள் செய்தது. அதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் பீரோவுக்குள் கால்சியம் குளோரைடு டப்பா ஒன்று வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் அரை டப்பா தண்ணீர் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீர் துணியில் கொட்டிவிடாமல் கீழ்த்தட்டில், மூலையில் வையுங்கள்.

சமையலறைக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் எவர்சில்வர் டப்பா ஒரே அளவில், ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதாகப் பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது. கம்பிக் கூடை டிராலி வாங்கும்போது 304 கிரேடா, 202 கிரேடா என்று கேளுங்கள். 304இல் எட்டு சதவீதம் நிக்கல் இருக்கும். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், கடற்காற்றில் அது சீக்கிரம் புள்ளி விழும். கடைக்காரர் காந்தத்தை வைத்து "பாருங்க, ஒட்டல, நல்ல ஸ்டீல்" என்பார். இரண்டுமே பொதுவாக ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையை நம்பாமல் கிரேடைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

காகிதத்துக்கு ஆங்கிள் ரேக்

வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இது தனிக்கதை. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒரு வருடத்தின் கணக்குகளை, அந்த ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். என்னிடம் பதினொரு கடைக்காரர்களின் பில் கட்டு இருக்கிறது. காகிதம் எவ்வளவு கனம் என்பது தூக்கினால்தான் தெரியும். 75 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டு 2.3 கிலோ. மூன்று அடித் தட்டில் பாக்ஸ் ஃபைல் நெருக்கி அடுக்கினால் 25, 30 கிலோ சாதாரணமாக வந்துவிடும். பார்டிகிள் போர்டு தட்டு அதில் வளைந்தது, பிளாஸ்டிக் ரேக் சாய்ந்தது. கடைசியில் தாராவியில் ஒரு தகரப் பட்டறையில் ஆங்கிள் ரேக் செய்து வாங்கினேன். துளை போட்ட நாலு ஆங்கிள், ஐந்து தட்டு, நட்டு, போல்ட்டு. தட்டின் உயரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வீடு மாறும்போது ஒரு ஸ்பானரால் அரை மணியில் கழற்றி ஒரு கட்டாகக் கட்டிவிடலாம். இரண்டு வீடு மாறியும் ஒரு திருகு தளரவில்லை.

அழகு இல்லை என்பது உண்மைதான். முன்னால் ஒரு பருத்தித் திரை தொங்கவிட்டேன். ஃபைலுக்கு 12 அங்குல ஆழம் போதும், 15, 18 என்று வாங்கினால் பின்னால் இன்னொரு வரிசை சேர்ந்து, பின்வரிசை மறந்தேபோகும். இப்படி உயரமாக, ஒல்லியாக இருக்கும் ரேக்கை மேலே ஒரு இடத்திலாவது சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும், சின்னப் பிள்ளைகள் ஏறுவார்கள். வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு ஓட்டைக்கு அனுமதி கேட்டால் யாரும் மறுத்ததில்லை. ரேக்கை வீட்டுக்கு வெளியே நடையில் நிறுத்தும் பழக்கம் நம் கட்டடங்களில் நிறைய. செருப்பு ரேக் என்று ஆரம்பித்துப் பழைய டி.வி.யில் போய் நிற்கும். தீப்பிடித்தால் புகைக்குள் தடவிக்கொண்டு இறங்க வேண்டிய வழி அது. அதைச் சேமிப்பிடமாக எண்ணாதீர்கள்.

சித்தி மகளுக்குச் சொன்னது

பணத்தை வாங்கிக்கொண்டு இங்கே வா என்றேன். பாதிக்குச் சற்று மேல் இரண்டு கதவு பீரோவுக்கு: 22 கேஜ், லாக்கரோடு, பெட்ரூமின் உள்சுவரில். அந்த அறையின் கிழக்குச் சுவர் ஹாலோடு சேர்ந்தது, அதுதான் இடம் என்று மாப்பிள்ளை அளந்து அனுப்பிய படத்தில் குறித்துக் கொடுத்தேன். மீதியில் உயரமான இரும்புக் கட்டில், சக்கரப் பெட்டி நாலு, பிளாஸ்டிக் டிராயர் ஒன்று. வார்ட்ரோப் வேண்டாம். ரேக் இப்போது வேண்டாம், சாமான் சேரட்டும். வாங்கும் முன் டேப் வைத்து அளக்க வேண்டியது அறையை மட்டுமில்லை, மாடிப்படித் திருப்பத்தையும் வாசல் கதவையும் என்றேன். பீரோவை மழை பிடிக்கும் ஜூன்வரை தள்ளிப்போடாமல் முன்னதாகவே வாங்கி, வெறும் பீரோவை இரண்டு நாள் திறந்து போட்டுப் பெயிண்ட் வாசம் போகவிடு என்றும் சொன்னேன்.

சித்தப்பாவுக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. சீர் வண்டியில் பீரோ போகாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார். நானே பேசினேன். "சித்தப்பா, பீரோவ அவ வீட்டு வாசல்ல இறக்கும்போது நீங்களே வந்து பொட்டு வச்சு உள்ள ஏத்துங்க. சித்தியையும் கூட்டிட்டு வாங்க, செம்பூர்ல நம்ம வீட்ல தங்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கடை எந்த இடம், எந்த டிரெயினில் வந்தால் வசதி என்று கேட்டார்.

அவள் மட்டும் கடைசியாக ஒன்று கேட்டாள். சித்தி கல்யாணத்தோடு கொடுத்துவிடும் கொலு பொம்மைகளை எங்கே வைப்பது? அதில் மண் பொம்மை பாதி, காகிதக்கூழ் பொம்மை பாதி. கட்டிலுக்கு அடியில் வேண்டாம், காகிதக்கூழ் தரை ஈரத்தில் இளகும். முதலில் பழைய பருத்தித் துணி, அதற்கு மேல் செய்தித்தாள் என்று சுற்ற வேண்டும். நேராகச் செய்தித்தாளில் சுற்றினால் மை பொம்மை முகத்தில் ஒட்டும். தகரப் பெட்டியில் அடுக்கி, உயரத்தில், உள்சுவர்ப் பக்கம் வைக்க வேண்டும். முலுண்ட் வீட்டில் பரண் இல்லை. "அப்ப பொம்மைய மட்டும் உங்க பரண்ல வச்சிருங்கக்கா, நவராத்திரிக்கு நான் வந்து எடுத்துக்கிடுதேன்" என்றாள். நேற்று ஸ்டூல் போட்டு ஏறி, அம்மாவின் தகரப் பெட்டியைத் துடைத்துக் காலி செய்து வைத்திருக்கிறேன்.